மௌனக் கிறிஸ்தியலில் முதல் வகுப்பு

இயேசு கிறிஸ்துவைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது ராசப்பனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரியவந்தது. ஒரு சுற்றறிக்கை வந்து அதைத் தெரிவித்தது.

பல்லடத்துக்குப் பக்கத்தில் செட்டிக்காட்டுப் புதூர் என்று ஓர் ஊர். அங்கே சிமெண்டு அட்டை போட்ட ஒரு சின்னக் கோயில், அதில் நாற்பத்தொரு குடும்பம். அத்தனை பேரும் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறவர்கள். ராசப்பனும் முப்பது வயதுவரை தறி ஓட்டியவர்தான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடமாக அந்தச் சபைக்கு உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார். மற்ற நாட்களில் தறிக்கூடம் தறிக்கூடமாகப் போய் ஆட்களைப் பார்த்துவிட்டு வருவார். தறி ஓடுகிற இடத்தில் காதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, கண்ணுகளா. கத்தினால் தொண்டைதான் கெடும். அங்கே பேச்சு உதட்டிலும் கையிலும் மட்டும் நடக்கும். "பிள்ளைக்குக் காய்ச்சல் உட்டுதா?" என்று ராசப்பன் வாயசைப்பார். "உட்டுதுங்க" என்று எதிராளி வாயசைப்பார். ஜெபமும் அப்படித்தான். மேலே இருக்கிறவருக்கு அது கேட்குமா என்று அந்த ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

சுற்றறிக்கை சபைகளின் பேரவையிலிருந்து வந்திருந்தது. "கிறிஸ்தியலில் முதுகலைப் பட்டம் பெறாத எவரும் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சபை நடத்தக் கூடாது. ஞானஸ்நானம், திருவிருந்து, அடக்க ஆராதனை எதையும் தொடக் கூடாது. பட்டதாரி இல்லாத சபைகள் நகரச் சபையோடு இணைக்கப்பட்டுக் கட்டடம் பூட்டப்படும்." கிறிஸ்தியல் என்றால் கிறிஸ்து யார், கடவுளா மனிதரா, இரண்டும் என்றால் எப்படி இரண்டும் என்று ஆராய்கிற படிப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ராசப்பன் இத்தனை வருடம் சவ அடக்கம் செய்திருக்கிறார்.

கோயிலில் அதை வாசித்துக் காட்டியதும் மாரியாத்தாள் எழுந்து நின்றாள். தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவள். பேச்சில் யாருக்கும் பாக்கி வைக்காதவள்.

"ஏனுங்க, டவுன் கோயில்ல எழவுக்கே மூணு நாளைக்கு முன்னால எழுதிக் குடுக்கோணுமாமா. எங்கூட்டுக்காரரு எப்பச் சாவாருன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

அவள் புருசன் மாரப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "எனக்கே இன்னும் கடுதாசி வரலீங்க," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரும் எழுந்து போகவில்லை. ராசப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி செவ்வந்திதான் முடிவு செய்தாள். "போய்ப் படிச்சுப்போட்டு வாங்க மாமா. தபால்ல படிச்ச பி.ஏ. இருக்குதல்ல? இருவத்திரண்டு வருசமா கூட இருக்கற ஆளைப் பத்தித்தான கேக்கப் போறாங்க. அதுல என்ன பெரிய இது?"

*

கோயம்புத்தூரில் மேட்டுப்பாளையம் சாலை ஓரம், முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடம். பெயர் கிறிஸ்தியல் உயராய்வு நிறுவனம்; பேரவையே நடத்துவது. நேர்முகத் தேர்வில் முதல்வர் முனைவர் கிருபாசங்கர் நடுவிலும், பேராசிரியர் முனைவர் சசிதர் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கிறிஸ்துவை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் முதல்வர்.

"தெரியுமுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சசிதர் ஏதோ குறித்தார்.

"எத்தனை நாளாக?"

"சின்ன வயசிலிருந்துங்க."

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நோய் முற்றிப்போன பிறகு ஆளைக் கொண்டுவந்தவர்களிடம் மருத்துவர் பேசுகிற குரலில் சொன்னார்: "ஒன்றும் தெரியாதவர்கள் என்றால் நேராக முதல் பருவத்தில் சேர்த்துவிடுவோம். உங்களைப் போன்றவர்கள் முதலில் முன்னறிவு நீக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும். பதினான்கு நாள். காலி மனையில்தானே கட்டடம் எழுப்ப முடியும்?"

பயிற்சி எளிமையானது. தினமும் காலையில், கிறிஸ்துவைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுத வேண்டும். சசிதர் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "யார் சொன்னது?" என்று எழுதி அடித்துவிடுவார். முதல் நாள் ராசப்பன் நாலு பக்கம் எழுதினார். ஐந்தாம் நாள் ஒரு பக்கம். பத்தாம் நாள் "அவர் நல்லவர்" என்று மட்டும் எழுதினார். "நல்லவர் என்பதை வரையறுக்க" என்று திரும்பி வந்தது. பதினான்காம் நாள் வெறுந்தாளைக் கொடுத்தார். சசிதர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்போதுதான் நீங்கள் கிறிஸ்தியல் மாணவர்," என்றார்.

அதற்குப் பிறகு வகுப்புகள் தொடங்கின. அங்கே அடிக்குறிப்பு இல்லாமல் எந்த வாக்கியத்தையும் பேசவோ எழுதவோ கூடாது. "இயேசுவுக்குப் பசித்தது" என்று ராசப்பன் ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். சசிதர் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கேட்டார்.

"இதற்கு ஆதாரம்?"

"வேதத்துல இருக்குதுங்க."

"எந்தப் பதிப்பகம்?"

செவ்வந்தியின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிற வேதத்துக்கு முதல் ஏழு பக்கம் கிடையாது.

"அதோடு, அவருக்குப் பசித்ததா, அல்லது அவருடைய மனித இயல்புக்கு மட்டும் பசித்ததா, அல்லது பசித்ததாகப் பிற்காலத்தார் நினைத்தார்களா? மூன்றுக்கும் தனித்தனியாக நூல்கள் இருக்கின்றன. குறைந்தது ஒன்றாவது வெளிநாட்டு நூலாக இருக்க வேண்டும். நாம் இங்கே விசுவாசிகளைத் தயாரிக்கவில்லை ராசப்பன். விசுவாசிகள் எங்கும் கிடைக்கிறார்கள்."

ராசப்பன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். கீழே அடிக்குறிப்பும் போட்டார்: சசிதர், வாய்மொழி, செவ்வாய்.

கட்டுரைகளைக் கணினியில் போட்டு, எங்கிருந்து திருடியது என்று பார்ப்பார்கள். ஒரு கட்டுரையின் முடிவில், பழக்கதோஷத்தில், ஊரில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்தை எழுதிவிட்டார். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு திருட்டு என்று கணினி சொல்லிவிட்டது. மீதி மூன்று பங்கு எழுத்துப் பிழை. "சொந்தமாக ஒரு ஜெபம் எழுத முடியவில்லையா?" என்று நிறுவனம் அவருக்குக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதம் எல்லா மாணவர்களுக்கும் போகிற அச்சிட்ட கடிதம்; பெயரை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் வருடம் மாரப்பனுக்கு நெஞ்சு வலி வந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ராசப்பன் மூன்று நாள் கூடவே இருந்தார். திரும்பி வந்தபோது வருகைக் குறைவுக்காகத் தேர்வு எழுத முடியாது என்றார்கள்.

சசிதருக்கு மனம் இளகிற்று. கெட்ட மனிதர் இல்லை அவர். "சும்மா நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது விடுப்பு. கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தால் அது கள ஆய்வு. நிரப்பிக் கொண்டுவாருங்கள், வருகைப் பதிவு போட்டுத் தருகிறேன்," என்று நாற்பது கேள்வி கொண்ட படிவத்தைக் கொடுத்தார்.

ராசப்பன் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். மாரப்பன் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

"மாப்ளே, கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்கோணும்," என்றுவிட்டு ராசப்பன் வாசித்தார். "உங்கள் வலியின்போது கிறிஸ்துவின் எந்த இயல்பை அதிகமாக உணர்ந்தீர்கள்? அ, இறை இயல்பு. ஆ, மனித இயல்பு. இ, இரண்டும் சம அளவில். ஈ, கருத்து இல்லை."

மாரப்பன் ரொம்ப நேரம் யோசித்தார். "இதுல காப்பித் தண்ணி வாங்கித் தாரதுக்கு எந்த எழுத்துங்க?"

ராசப்பன் ஈ என்று குறித்துக்கொண்டு காப்பி வாங்கப் போனார். நாற்பதுக்கும் ஈ போட்டுச் சசிதரிடம் நீட்டினார். நிறுவனத்தின் வரலாற்றிலேயே முரண்பாடு இல்லாத முதல் கள ஆய்வு என்று அதைப் பாராட்டினார்கள்.

*

கடைசியாக வாய்மொழித் தேர்வு வந்தது. அன்றைக்கு அந்தப் பகுதியில் மாதாந்திர மின்தடை. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். குழுவில் ஐந்து பேர். முதல்வரும் சசிதரும் இங்கே. வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவர். ஐந்தாமவர் வெளிநாட்டிலிருந்து திரை வழியாக. ஜெனரேட்டர் பிடித்த கணத்தில் திரை நின்றுபோய், தலையை லேசாகச் சாய்த்த நிலையில் அவர் உறைந்துவிட்டார். வருகைப் பதிவேட்டில் "கவனமாகக் கேட்டார்" என்று எழுதினார்கள்.

முதல்வர் கேள்வியைத் தாளில் எழுதி நீட்டினார்: "கிறிஸ்துவில் இறை இயல்பும் மனித இயல்பும் எவ்வாறு ஒன்றாக இருக்கின்றன?"

ராசப்பன் பயந்துகொண்டுதான் உள்ளே வந்திருந்தார். இந்தக் கேள்வியில் தவறினால் ஜூன் மாதம் கோயிலுக்குப் பூட்டு. ஆனால் ஜெனரேட்டர் சத்தம் காதில் ஏறியதும் அவர் தோள் இறங்கியது. அந்தக் கட்டடத்தில் இரண்டு வருடத்தில் முதல் முறையாக ஊரில் இருப்பதுபோல் இருந்தது. தறிக்கூடத்தில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார். உதடு அசைந்தது, கை அசைந்தது. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. நாலு நிமிடம் மனதில் இருந்ததையெல்லாம் சொல்லி முடித்துக் கும்பிட்டார்.

ஐந்து பேரில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல ஒருவரும் தயாராக இல்லை. படித்தவர்களின் சங்கடம் அது, கண்ணுகளா, நாம் அனுசரித்துத்தான் போக வேண்டும்.

அறிக்கை மறுநாள் வந்தது. "சொல்லின் போதாமையைத் தேர்வர் சொல்லாமலே நிறுவினார்" என்று சசிதர் எழுதியிருந்தார். "கைகளின் அசைவு பழங்காலத் துறவிகளின் மரபை நினைவூட்டியது" என்று ஒருவர். "மூன்றாம் நிமிடத்தில் தலையைச் சொறிந்த இடம் மிக ஆழமானது" என்று இன்னொருவர். திரையில் இருந்தவரின் தலை சாய்ந்திருந்ததால் அது சம்மதம் என்று கொள்ளப்பட்டது. முதல் வகுப்பு, சிறப்புத் தகுதி.

செட்டிக்காட்டுப் புதூரில் சரம் வெடித்தார்கள். மாரியாத்தாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அந்தக் குழம்பு தீருவதற்குள் இரண்டாவது கடிதம் வந்தது. நிறுவனத்தில் மௌனக் கிறிஸ்தியல் துறை என்று ஒன்று புதிதாகத் தொடங்கப்படுகிறது; அதன் தலைவராக ராசப்பன் நியமிக்கப்படுகிறார்; ஜூன் முதல் தேதி கோயம்புத்தூரில் பொறுப்பேற்க வேண்டும். செட்டிக்காட்டுப் புதூரில் அதன்பின் பட்டதாரி யாரும் இல்லாமற் போவதால் அந்தச் சபை நகரச் சபையோடு இணைக்கப்படும்.

"பாஸாயிப்போட்டீங்கன்னுதான சொன்னீங்க?" என்றாள் மாரியாத்தாள். "அப்பறம் எதுக்குப் பூட்டறாங்க?"

"பாஸானதுனாலதான் பூட்டறாங்க, அம்மணி," என்றார் ராசப்பன்.

*

அவர் முதல்வரைப் போய்ப் பார்த்தார்.

"ஐயா, எனக்கு இந்த வேல வேண்டாமுங்க. நான் ஊருக்கே போயிடறேன். அந்தக் கோயிலுக்காகத்தானுங்க படிக்கவே வந்தேன்."

முதல்வர் கிருபாசங்கர் இவ்வளவு அன்பாக யாரிடமும் பேசியதில்லை. நாற்காலியைக் காட்டினார். தேநீர் வரவழைத்தார்.

"ராசப்பன், இந்த நிறுவனத்தில் முதல் வகுப்பில் தேறிய ஒருவர்கூடக் கடந்த பதினெட்டு ஆண்டுகளில் சபைக்குத் திரும்பியதில்லை. அதுதான் எங்கள் தரத்துக்கு அத்தாட்சி. கிறிஸ்துவைப் பற்றி இவ்வளவு கற்ற ஒருவரை, அவரைச் சும்மா கும்பிடுகிற ஆட்களிடம் அனுப்பினால், படிப்பு வீணாகிவிடாதா? அவர்கள் உங்களிடம் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆறுதல் கேட்பார்கள். அதற்குப் பாடத்திட்டமே கிடையாது. நானும் சபையில் இருந்தவன்தான். மூன்று மாதம். எல்லோரும் அழுதுகொண்டே வருவார்கள். ஒருவரிடம்கூட அடிக்குறிப்பு இருக்காது."

பிறகு தேநீர் ஆறிவிடும் என்று ஞாபகப்படுத்தினார்.

ராசப்பன் வெளியே வந்து அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் வரதராஜுலு, நெற்றியில் நாமத்தோடு, முப்பத்தோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவர். கிறிஸ்து எத்தனை இயல்பு உடையவர் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க உபதேசியாரே, முதல் வகுப்பு வாங்கின மொகமா இது?"

ராசப்பன் எல்லாவற்றையும் சொன்னார். வரதராஜுலு கடைசிவரை கேட்டுவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

"மறுமதிப்பீடு கேளுங்க. மார்க்கு பத்தலைன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. அதிகமாப் போச்சுன்னு கேக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லீங்க."

"பெயிலாக்கிப்போட்டா? அப்பவும் கோயிலைப் பூட்டுவாங்களே?"

"பாஸானாலும் பூட்டறாங்கல்ல? அப்பறம் என்னுங்க பயம்? அன்னைக்குச் சொன்னதையே போய்ச் சொல்லுங்க. சித்தச் சத்தமாச் சொல்லுங்க. மீதிய ஆபீஸ் பாத்துக்கும்."

மறுமதிப்பீட்டு நாளில் அதே அறையில் அதே ஐந்து பேர்; ஓரத்தில் கோப்போடு வரதராஜுலு. மின்தடை இல்லை. ஏசி மட்டும் மெல்ல உறுமியது. திரையில் இருந்தவர் இந்த முறை அசைந்தார். முதல்வர் அதே கேள்வியைக் கேட்டார். ராசப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு வெளங்கலீங்க. இருவத்திரண்டு வருசமா வெளங்காமத்தான் சொல்லிட்டிருக்கறேன். சாமியா மட்டும் இருந்தா அவருக்கு எங்க பசி தெரியாது. மனுசனா மட்டும் இருந்தா எங்க ஊருக்கு வந்திருக்க மாட்டாரு, எங்க ஊருக்கு ஆருங்க வாராங்க? மாரப்பன் ஆஸ்பத்திரீல கெடந்தப்ப அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னாருன்னுதான் நெனைக்கறேன். எந்த இயல்பு முன்னால வந்துச்சு, எது பின்னால வந்துச்சுன்னு பாக்கத் தோணலீங்க. அழுதுட்டிருந்தேன். அன்னைக்கும் இதைத்தானுங்க சொன்னேன். நடுவுல தலையச் சொறிஞ்சது, கொசு கடிச்சுப்போட்டுது."

முதல்வர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடிவிட்டு வைத்தார். அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்ததாக வரதராஜுலு பிற்பாடு சொன்னார். ஏசி காற்றாகவும் இருக்கலாம்.

பிறகு சிக்கல் தெரிந்தது. இந்தப் பதிலைத் தேறாது என்று தள்ளினால், இதே பதிலுக்கு முன்பு சிறப்புத் தகுதி கொடுத்தது ஏன் என்று கேள்வி வரும். தேறியது என்று சொன்னால், "எனக்கு வெளங்கலீங்க" என்பதற்கு முதல் வகுப்பு கொடுத்ததாகிவிடும். அடுத்த வருடம் மாணவர்கள் எல்லோரும் அதையே எழுதுவார்கள். அன்று கேட்கவே இல்லை என்று ஒத்துக்கொள்ள ஐந்து பேரில் ஒருவரும் முன்வரவில்லை. இரண்டரை மணி நேரம் விவாதித்துத் தீர்மானம் எழுதினார்கள்: "குழுவினர் ஐவரும் மீண்டும் நேரில், ஒரே நாளில் கூடி ஒருமனதாக முடிவு செய்யும்வரை தேர்வரின் முடிவு நிறுத்தி வைக்கப்படுகிறது."

ராசப்பன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இப்ப நான் பாஸுங்களா, பெயிலுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. நிலுவை," என்றார் வரதராஜுலு. ஒரு பழுப்பு நிறப் புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்தார். "விதி பதினேழு. முடிவு நிலுவையில் உள்ள தேர்வர், படிப்பில் சேரும்போது எந்த இடத்தில் எந்தப் பணியில் இருந்தாரோ, முடிவு வரும்வரை அங்கேயே அதே பணியைத் தொடர வேண்டும். ஊருக்குப் போங்க உபதேசியாரே. ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் பண்ணுங்க. ஆரும் கேக்க முடியாது."

"முடிவு எப்பங்க வரும்?"

வரதராஜுலு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு இங்க அஞ்சு பேரு ஒருமனசா ஒரு காரியம் பண்ணினதே, மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்திரிச்சதுதானுங்க."

மூன்று வருடம் ஆயிற்று. குழுவைக் கூட்ட ஏழு முறை தேதி குறித்தார்கள். ஒருவர் ஜெர்மனிக்குப் போயிருந்தார். ஒருவருக்குக் கண் அறுவை. ஒரு முறை நாலு பேர் வந்துவிட்டார்கள். செட்டிக்காட்டுப் புதூரில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. ஐந்தாமவருக்கு விமானம் தவறிய செய்தி வந்த பிறகுதான் உலை வைத்தார்கள். மௌனக் கிறிஸ்தியல் துறை, தலைவர் இல்லாமலே நடக்கிறது. ஆசிரியர் இல்லாதது துறையின் நோக்கத்துக்கு இசைவாகவே இருப்பதாக ஆண்டறிக்கை சொல்கிறது.

ராசப்பன் இதற்குள் ஒன்பது ஞானஸ்நானமும் நாலு அடக்கமும் செய்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில், யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று வழக்கம்போல் கேட்டார். ஒருத்தி மகள் பிரசவத்தைச் சொன்னாள். மாரப்பன் தன் முழங்காலைச் சொன்னார். கடைசியில் மாரியாத்தாள் எழுந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சாமி, கோயமுத்தூர்ல இருக்கற அந்த அஞ்சு பேருக்கும் நல்ல ஆயுசக் குடு. ஊரு ஊரா அவங்களக் கூப்புட்டு மரியாத பண்ணட்டும். ஒருத்தருக்கு ஓய்வு கெடைக்கற அன்னைக்கு இன்னொருத்தருக்குக் கூட்டம் இருக்கோணும் சாமி. அஞ்சு பேரும் ஒரே நாள்ல சும்மா இருக்கற மாதிரி மட்டும் செஞ்சுபோடாத."

நாற்பத்தொரு குடும்பமும் ஆமென் என்றது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் ராசப்பன்தான்.